இறந்தவர்கள் போட்ட கையெழுத்து

போன மாதம் கவிதாவிடமிருந்து என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் சங்கத்தில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். "உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள்" என்று மேலே போட்டு, கீழே வறட்சி, வெயில், உழவர் உரிமை எல்லாவற்றையும் பற்றி நல்ல தமிழில் ஒரு மனு. கடைசியில் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தாள். பெயரை நிரப்பி ஒரு தட்டுத் தட்டினால் எம்.எல்.ஏ. அலுவலகத்துக்குப் போய்விடுமாம்.

உடனே கூப்பிட்டேன். "நல்லாருக்கு தாயி. இத எழுதுனது யாரு?"

"நான்தான்க்கா."

"அப்ப நீ ஒருத்தி அனுப்பு. போதும்."

வேறு யாராக இருந்தாலும் கோபித்துக்கொண்டிருப்பார்கள். கவிதா சிரித்துவிட்டாள். "வீட்ல இருந்துக்கிட்டு ஏசுதீங்கல்லா, அத அப்படியே ஒரு கட்டுரையா எழுதித் தாங்க. புதுசா வந்திருக்க பிள்ளைக படிக்கட்டும்" என்றாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இதோ எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் முப்பது ஆண்டுக்கு மேல் நான் பார்த்த வேலை என்னவென்று என் சொந்தக்காரர்களுக்கே இன்னும் விளங்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவள் என்றே பலர் நினைத்திருந்தார்கள். அது இல்லை. நான் யாருக்கும் ஒரு வரிகூட எழுதிக் கொடுத்ததில்லை. எழுத வைப்பதுதான் என் வேலை. சட்டசபையில் ஒரு சட்டம் வரப்போகிறது, அது நம்மைத் தொடும் என்றால், ஊர் ஊராகப் போய், "உங்களுக்கு நடந்ததை நீங்களே உங்கள் உறுப்பினருக்கு எழுதுங்கள்" என்று சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்க அவர்கள் நம்மிடம் வருகிறார்கள். நம் பங்குக்கு நாமும் போக வேண்டாமா? இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை கட்டியது.

அதற்கு முன் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தொழிற்சாலையில், மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிப்பு, கொஞ்சம் வாய்த்துடுக்கு. வேறு தகுதி கிடையாது. சங்கத்தில் சேர்ந்த முதல் ஆண்டு முழுக்கப் பஸ் பிடிப்பதிலும், மினி பஸ்ஸைத் தவறவிட்டு ஓட்டப்பிடாரம் சாலையில் நடப்பதிலும் போயிற்று. நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் ராஜாமணி சாரிடம்தான்.

ராஜாமணி சார் எங்கள் செயலாளர். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. தன்னைவிட இருபது வயது இளையவர்களையும் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவார். அதட்டியே பழக்கமில்லை. அதுதான் கொடுமை. நாம் கொண்டுவரும் கடிதங்களை ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒன்றில் பிழை கண்டால் அந்தத் தாளைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு விரலால் மேசைமேல் நம் பக்கம் தள்ளிவிடுவார். என்ன பிழை என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்கும்வரை அவர் அடுத்த தாளைத் தொட மாட்டார். ஜன்னல் வழியாக ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். "திட்டித் தொலைத்தால் என்ன" என்று நான் மனதுக்குள் அழுத நாட்கள் உண்டு.

அவர் வைத்திருந்த முறை எளிமையானது. கடிதத்துக்கு நான்கு வாக்கியம். ஒன்று, நான் யார். இரண்டு, உங்கள் தொகுதியில் எந்த ஊரில் இருக்கிறேன். மூன்று, எனக்கு என்ன நடந்தது. நான்கு, இந்தச் சட்டத்தில் நீங்கள் என்ன செய்ய வேண்டும். அவ்வளவுதான். ஜெராக்ஸ் கூடாது. ஒரே மாதிரி ஐம்பது வந்தால் அங்கே அதை ஒரே கட்டாகக் கட்டி ஓரத்தில் வைத்துவிடுவார்கள். ஐந்து வந்தாலும் ஐந்தும் ஐந்து விதமாக இருந்தால் படித்தே ஆக வேண்டும்.

கேட்க எளிதாக இருக்கும். செய்து பாருங்கள். நான் முதன்முதலில் பெருமையோடு கொண்டுவந்த கடிதத்தில் உறுப்பினரின் புகழ் முக்கால் பக்கம், அவர் கட்சித் தலைவரின் புகழ் கால் பக்கம். கடைசி வரியில், "அய்யா அவர்கள் எங்கள் ஊர் அம்மன் கொடை விழாவுக்குக் குடும்பத்துடன் வந்து சிறப்பிக்க வேண்டும்." சார் படித்தார். திருப்பவில்லை, தள்ளவில்லை. "வடிவம்மா, கொடை என்னைக்குன்னு போடலையே" என்றார். அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்னொரு விதியும் உண்டு. பதில் வந்தாலும் வராவிட்டாலும், கேட்டது நடந்தாலும் நடக்காவிட்டாலும், கூட்டத்தொடர் முடிந்ததும் உறுப்பினருக்கு நன்றிக் கடிதம் போக வேண்டும். "ஒண்ணுமே செய்யாத மனுசனுக்கு எதுக்கு சார் நன்றி?" என்று ஒரு முறை சண்டைக்குப் போனேன். "படிச்சாருல்லா, அதுக்கு" என்றார்.

இப்போது ஒரு விவகாரத்துக்கு வருகிறேன். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.

ஓர் ஆண்டு புரட்டாசியில் போட்ட விதை முளைக்கவில்லை. மழை ஏமாற்றியது. இரண்டாம் தடவை விதைத்த உளுந்து தப்பித்து வந்தது. மார்கழியில், செடி காய்ந்து பிடுங்கப்போகிற நேரம், நாலு நாள் விடாத மழை. காய்க்குள்ளேயே உளுந்து முளைவிட்டுக் கறுத்துப் போயிற்று. வறட்சியாலும் மழையாலும் ஒரே பயிர் ஒரே ஆண்டில் சாகும் என்பதை எங்கள் கரிசல்காட்டார் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார்கள்.

இப்படிப் பருவம் தப்பி அழிகிற பயிருக்கு நிவாரணம் தர ஒரு சட்டம் வரப்போகிறது என்று பேச்சு இருந்தது. எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. பட்டாவில் பெயர் உள்ளவருக்கு என்று இல்லாமல், நிலத்தில் பாடுபடுகிறவருக்கு நிவாரணம் என்று அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். ஏனென்றால் எங்கள் பக்கம் பாதிப் பட்டாக்கள் எப்போதோ இறந்துபோனவர் பெயரில் இருக்கின்றன. பாடுபடுகிறவர்கள் அவர்களுடைய மருமகள்கள்.

நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். அங்கே பதினோரு பெண்களை எழுத வைத்தேன். முன்னால் நின்றவள் மாரித்தாய். கணவன் இல்லை. மாமனார் பெயரில் உள்ள மூன்று ஏக்கர் புஞ்சையை ஒற்றை ஆளாக உழுது விதைத்துக் களையெடுத்துக் கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். கையெழுத்து மணிமணியாக இருக்கும். முதல் விதைப்பு பொய்த்ததற்கு வந்த நிவாரணப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. இந்த முறையும் விட்டுப்போனால் அடுத்த புரட்டாசிக்கு விதை வாங்க வழியில்லை, நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டுத் திருப்பூருக்குப் போக வேண்டியதுதான் என்று சொன்னாள்.

கூட்டத்தொடர் நெருங்கிவிட்டது. எனக்கு அவசரம். "பட்டாவுல உள்ளபடி எல்லாத்தையும் சரியா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். நான் மனதில் வைத்தது சர்வே எண்ணை. மறுவாரம் போய்க் கடிதங்களை வாங்கினேன். நான்கு வாக்கியமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். சார் ஊரில் இல்லை. அவரிடம் காட்டாமலே அனுப்பிவைத்தேன்.

பத்து நாள் கழித்து உறுப்பினரின் உதவியாளர் சாரைக் கூப்பிட்டார். நாங்கள் இருவரும் போனோம். மேசைமேல் பதினோரு கடிதங்களும் இருந்தன.

"அண்ணாச்சி, அய்யா இதச் சபையில பேசணும்னு நெனச்சாவ. பேசுறதுக்கு முன்ன விசாரிக்கச் சொன்னாவ. விசாரிச்சா, இதுல ஒம்பது பேரு உயிரோட இல்ல. இந்தச் சங்கரலிங்கம் செத்துப் பன்னெண்டு வருசம் ஆச்சாம். செத்தவர் கையெழுத்துப் போட்டா அது என்ன கேஸுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சார் மேலே இருந்த கடிதத்தை எடுத்தார். படித்தார். தலைகீழாகத் திருப்பினார். அந்த அந்நிய மேசையின் மேல், இரண்டு விரலால், என் பக்கம் தள்ளினார்.

நான் பார்த்தேன். மணிமணியான கையெழுத்து. "என் பெயர் சங்கரலிங்கம்" என்று தொடங்கியிருந்தது. அதை எழுதியது யார் என்று அந்தக் கணமே தெரிந்தது. நான் என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது. "சார், பட்டாவுல உள்ளபடி எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன். பிழை என்னோடது" என்றேன். சார் உதவியாளரைப் பார்த்து, "ரெண்டு நாள் குடுங்க. போலீசுக்குப் போகாதீங்க. நாங்க போயிட்டு வாரோம்" என்றார். அந்த உதவியாளர் நினைத்திருந்தால் அன்றைக்கே எங்களையும் அந்தப் பெண்களையும் ஒரு வழி பண்ணியிருக்கலாம். இரண்டு நாள் கொடுத்தார். அவருக்கு என் முதல் நன்றி.

பஸ்ஸில் சார் என்னைத் திட்டவில்லை. விளாத்திகுளத்தில் பஸ் நின்றபோது இறங்கிப் போய் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

மாரித்தாய் காட்டில்தான் இருந்தாள். கறுத்த உளுந்தஞ்செடியை மாட்டுக்காவது ஆகட்டும் என்று பிடுங்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முகம் வெளிறிப் போகும் என்று பயந்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"யக்கா, நிலத் தீர்வை ரசீது எங்க மாமா பேர்லதான் வருது. சொசைட்டியில உரம் வாங்குனா அவிய பேர்லதான் பில்லு. மாரித்தாயின்னு எழுதுனா எவன் படிப்பான்? எம் பேரு எந்தக் காயிதத்துல இருக்கு? ரேஷன் கார்டுல இருக்கு, அதுவும் அரிசிக்கு!"

மற்ற பெண்களும் வந்து கூடிவிட்டார்கள். ஒருத்தி அழுதாள். போலீஸ் வருமா என்று ஒருத்தி கேட்டாள். கடிதத்தை எல்லாம் திரும்ப வாங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். அதுதான் பத்திரம். ஆனால் வாங்கிவிட்டால் விஷயம் அதோடு செத்தது, சபையில் யாரும் பேச மாட்டார்கள் என்றும் எனக்குத் தெரியும். சாரைப் பார்த்தேன். அவர் மாரித்தாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன சொல்லுதீங்கம்மா?" என்று அவளிடம் கேட்டார்.

"நான் வாரேன். எழுதுனது நான். வந்து சொல்லுதேன்" என்றாள். கையில் இருந்த செடியை உதறிப் போட்டாள்.

மறுநாள் காலை உறுப்பினர் பொதுமக்களைச் சந்திக்கும் நேரம். கூட்டத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். எங்கள் முறை வந்ததும் சார் பேச வாயெடுத்தார். மாரித்தாய் முந்திக்கொண்டாள்.

"அய்யா, சங்கரலிங்கம்னு கையெழுத்துப் போட்டது நான். அவிய எம் மாமனாரு. செத்துப் பன்னெண்டு வருசமாச்சு. வருசா வருசம் தீர்வை கட்டுதேன், அவிய பேர்லதான் வாங்குதீங்க, அவிய பேர்லதான் ரசீது தாரீங்க. தீர்வை வாங்கும்போது தெரியாத சாவு, மனு போடும்போது மட்டும் எப்படிய்யா தெரிஞ்சுது?"

உதவியாளர் தரையைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். உறுப்பினர் தன் முன்னால் இருந்த வெற்றுத் தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இப்ப சொன்னத அப்படியே எழுதித் தாங்கம்மா. உங்க பேர்ல" என்றார்.

அங்கேயே, பக்கத்து அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் தாளை வைத்து, தரையில் உட்கார்ந்து எழுதினாள். நான் பக்கத்தில் இருந்தும் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. "என் பெயர் மாரித்தாய். எங்கள் ஊரில் மூன்று ஏக்கர் கரிசலில் உளுந்து போட்டுள்ளேன். இந்த வருசம் முதல் விதை வெயிலில் போச்சு, இரண்டாம் விதை மழையில் போச்சு, ஆனால் அரசாங்கக் கணக்கில் பாடுபட்டது செத்துப்போன என் மாமனார் என்று உள்ளது. சட்டம் போடும்போது உயிரோடு இருக்கிற ஆளைப் பார்த்துப் போடுங்கள்." நான்கு வாக்கியம். சார் வாங்கிப் படித்தார். திருப்பவில்லை. மடித்து அவளிடமே கொடுத்து, "நீங்களே குடுங்க" என்றார். மற்ற பத்துப் பேரும் அந்த வாரமே தங்கள் பெயரில் எழுதினார்கள்.

உறுப்பினர் சபையில் பேசினார். தீர்வை ரசீதைப் பற்றி அவள் கேட்ட கேள்வியையும் அப்படியே கேட்டார் என்று உதவியாளர் சொன்னார். நாங்கள் கேட்ட சட்டம் முழுசாக இன்றுவரை வரவில்லை. அதை மறைத்துப் புதியவர்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு, மாசியில் கிராம நிர்வாக அலுவலர் காடு காடாக நடந்துபோய், எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதும் அடங்கல் பதிவேட்டில், உண்மையில் பாடுபடுகிறவர் பெயரை எழுதினார். அதை வைத்து நிவாரணப் பட்டியல் மாறியது. மாரித்தாய் திருப்பூருக்குப் போகவில்லை. அடுத்த புரட்டாசியில் விதைத்தாள்.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறொன்று. உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று ஒரு பதில் அவளுக்குப் போயிற்று. உறையின் மேல் திருமதி மாரித்தாய் என்று இருந்தது. தபால்காரர் புதியவர். தெருக் குழாயடியில் நின்று, "இங்கன மாரித்தாயின்னு யாரும்மா?" என்று கேட்டாராம். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். ஊருக்கு அவள் சங்கரலிங்கம் மருமகள். குடத்தோடு நின்ற அவளுக்கே சட்டென்று உறைக்கவில்லையாம். "பெறவுதான்க்கா, அட, அது நாந்தானேன்னு கையத் தூக்குனேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நானும் துடைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டு நன்றிக் கடிதத்தை நான் யாரையும் விரட்டி எழுத வைக்கவில்லை. பதினொன்றும் தாமாகவே போயின.

ராஜாமணி சார் காலமாகி ஐந்தாறு ஆண்டாகிறது. அந்தப் பிழைக்கு அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கலாம். கடைசிவரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. டீ வாங்கிக் கொடுத்ததோடு சரி. அவரிடம் நேரில் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சார், இப்போது சொல்கிறேன். நன்றி.

ஓய்வு பெற்ற அன்று சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மாரித்தாயும் வந்திருந்தாள். ஒரு பை நிறைய உளுந்து கொண்டுவந்து மடியில் வைத்தாள். எல்லோரும் புகழ்ந்து முடித்த பிறகு மெதுவாக என் காதில் கேட்டாள்.

"யக்கா, எங்களையெல்லாம் இத்தன எழுத வச்சீங்க. நீங்க உங்க பேர்ல ஒண்ணு எழுதிருக்கீங்களா?"

முப்பது ஆண்டில் ஒன்றுகூட இல்லை.

அந்தக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்திருந்தேன். கவிதாவின் செய்தி வந்த பிறகு அது திரும்பவும் குத்தத் தொடங்கியது. நான் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீடு. சித்திரையில் பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. எங்கள் தெருவில் பெண்கள் அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிறார்கள். என் காலில் பலமில்லாமல் போன பிறகு நானும் அவர்களோடு உட்கார்ந்து ஒட்டுகிறேன். இந்தச் சித்திரையில் ஒரு நாள் மயங்கிச் சரிந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். வெயில் கொடுமையிலிருந்து உழைக்கிறவர்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று இப்போது பேசுகிறார்கள். அதில் வீட்டில் இருந்து வேலை செய்கிறவர்களும் உழைக்கிறவர்கள்தான் என்று இருக்க வேண்டும்.

நேற்று காலை இதை என் உறுப்பினருக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கு வாக்கியம், எனக்குத் தெரியாததா? ஒரே மூச்சில் எழுதினேன். படித்தேன். ஏதோ இடித்தது. வேறு வழி தெரியாமல் தாளைத் தலைகீழாகத் திருப்பி, இரண்டு விரலால் என் பக்கம் நானே தள்ளினேன். ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பிழை தெரிந்தது. "எங்கள் பகுதிப் பெண்கள் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்று தொடங்கியிருந்தேன்.

தாளைக் கிழித்தேன். புதிய தாளில் முதல் வாக்கியம் எழுதினேன்.

என் பெயர் சண்முகவடிவு.